மூடி திறக்க அனுமதி

செத்துப்போன அன்று காலையில் எடுத்த படத்தில் என் தம்பி இளவழகன் விண்வெளிக்குக் கிளம்பியவனைப் போல இருந்தான். தலையில் மஞ்சள் ஹெல்மெட். மூக்கையும் வாயையும் மூடிய ரப்பர் கவசம். முதுகில் ஆக்சிஜன் சிலிண்டர், மார்பில் கயிறு மாட்டும் பெல்ட், முழங்கை வரை கையுறை, தொடை வரை பூட்ஸ். படத்தின் கீழே பச்சை எழுத்தில் ஒரு வரி: 'கவசம் சரி. மூடி திறக்க அனுமதி.'

பிணவறையில் நான் பார்த்தபோது அவன் ஒரு அரை டவுசரோடு கிடந்தான். வேறு ஒன்றும் இல்லை. உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய். சாக்கடைத் தண்ணீர் தோலில் ஒட்டாமல் இருக்க அவர்கள் எல்லோரும் தடவிக்கொண்டுதான் இறங்குவார்கள். ஊரில் கார்கள் ஆளில்லாமல் ஓடுகின்றன, என் தம்பிக்குக் கிடைத்த கவசம் தேங்காய் எண்ணெய்.

திட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் ஆத்திரம் உங்களுக்குப் புரியாது. பாதாளச் சாக்கடைக்குள் மனிதன் இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டு எத்தனையோ வருடம் ஆகியும் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். அதனால் எங்கள் மாநகராட்சி ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. ஊரிலுள்ள எல்லாக் குழிகளுக்கும் மின்பூட்டு வைத்த மூடி. இயந்திரம் போக முடியாத அவசரத்தில் மட்டும் ஆள் இறங்கலாம், அதுவும் முழுக் கவசத்தோடு. இறங்குகிற ஆளைக் குழி ஓரத்தில் நிறுத்தி ஃபோனில் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மாநகராட்சிக் கம்ப்யூட்டர் அந்தப் படத்தைப் பார்க்கும். கவசம் இருந்தால் ஃபோனுக்குப் பக்கத்திலுள்ள மூடியின் பூட்டு திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. லஞ்சம் வாங்காத, சாதி பார்க்காத, தூங்கி வழியாத காவல்காரன் என்று திறப்பு விழாவில் பேசினார்கள். அந்த விழாவுக்குப் பேனர் அடித்துக் கொடுத்ததே என் கடைதான்.

அதன் பிறகு எங்கள் ஊரில் தினமும் அவசரம்தான். எல்லா மூடியும் திறந்தது. டவுசரோடு நிற்கிறவனுக்கு எப்படித் திறக்கிறது என்று ஒருவனும் கேட்கவில்லை.

கருமாதிக்கு முன்பே நீலமணி கம்பெனி மேனேஜர் ஹரிபாபு மாலையோடு வீட்டுக்கு வந்தார். குழி வேலையை ஒப்பந்தம் எடுத்திருக்கும் கம்பெனி அது. என் தம்பி பெண்டாட்டி சுகன்யா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பிணவறையிலும் அழாதவள், அப்போதும் அழவில்லை.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. கம்பெனி எல்லாத்தையும் மாட்டிவிட்டுத்தான் உள்ள எறக்குச்சு. படம் இருக்கு, நீங்களே பாருங்க. உள்ள போயி வேர்க்குதுன்னு மாஸ்க்கைக் கழட்டியிருக்காரு. நாங்க என்ன செய்ய முடியும், சொல்லுங்க?"

"எந்த மாஸ்க்கு சார்?" என்றாள் சுகன்யா.

"படத்துல இருக்குல்லம்மா."

"படத்துல இருக்கு. ஆளை வெளிய தூக்குனப்ப இல்லையே. கழட்டுனது எங்க போச்சு?"

"தண்ணி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"சிலிண்டரு?"

"அதுவுந்தாம்மா."

"பூட்சையுமா சார் தண்ணி கழட்டுச்சு?"

ஹரிபாபு மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை எடுத்து வாசலில் வீசினேன்.

போலீஸ் எழுதியதும் மேனேஜர் சொன்னதையேதான். 'தானே கவசத்தைக் கழற்றியதால் இறந்தார்.' மாநகராட்சியின் விசாரணையும் அதையே எழுதிவிட்டால் முடிந்தது. செத்தவன் மேலேயே பழி விழும், கம்பெனி கை கழுவிக்கொள்ளும், மறுநாள் காலை இன்னொருவன் டவுசரோடு மூடிக்கு முன்னால் நிற்பான். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். என் தம்பியை வெறும் உடம்போடு இறக்கினார்கள் என்று அரசாங்கத் தாளில் எழுத வேண்டும்.

கண்ணீர் அஞ்சலி பேனர் போட வேண்டியிருந்தது. அவனுக்குப் படமெடுத்துக்கொள்வதே பிடிக்காது, கல்யாணப் படம் ஒன்றுதான் உண்டு, அதில் அவன் ஒல்லிப்பிச்சான். "மதினி, இந்தப் படத்துல மாஸ்க்கை மட்டும் எடுத்துட்டு மொகத்தைக் கொண்டுவர முடியுமா?" என்று சுகன்யா கேட்டாள். கடைக் கம்ப்யூட்டரில் கம்பெனிப் படத்தைப் போட்டு ஓட்டினேன். கவசம் போனது. கீழே வந்தது வேறு எவனோ ஒருவனின் தாடை, ஷேவிங் கிரீம் விளம்பரத்துத் தாடை. என் தம்பியின் கண்ணுக்குக் கீழே அந்தத் தாடை இருக்கக் கூடாது. அழித்துவிட்டுப் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலிண்டரின் பட்டை அவன் தோளுக்குள் புகுந்து அங்கேயே கரைந்துபோயிருந்தது. இந்த மாதிரிக் கரைசலை நான் தினமும் பார்க்கிறவள். கவசத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்திருக்கிறார்கள்!

எங்கள் வக்கீல் பர்வீன் கடைக்கு வந்தபோது திரையில் பெட்டி பெட்டியாகத் திறந்து வைத்திருந்தேன். தொழிலாளர் வழக்குகளுக்கு அலைகிறவர், பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது.

"இது என்ன தமயந்தி, கரண்டு ஆபீஸ் மேப்பு மாதிரி இருக்கு?"

"இந்தப் பெட்டிகளுக்கு நோடுன்னு பேரு மேடம். மொதப் பெட்டி படத்தை வாங்கும். அடுத்தது, படத்துல ஆளு எங்க நிக்கிறான்னு கண்டுபிடிக்கும். இதுல நமக்கு வேணுங்கிறதை எழுதணும். இது அதை வரையும். கடைசிப் பெட்டி வெளிய அனுப்பும். ஒரு பெட்டியில இருந்து இன்னொண்ணுக்கு வயரை இழுத்து விட்டாப் போதும், மோட்டாருக்குப் பைப்பு மாட்டுற மாதிரிதான். ஒருதடவை மாட்டி வச்சுட்டா அதுபாட்டுக்கு ஓடும்."

"நீ இதுல என்ன பண்ணுவே?"

"கல்யாணப் பொண்ணுக்கு நகை போடுவேன். கழுத்துல ஒண்ணுமில்லாத பிள்ளைகளைக் கூட்டிட்டு வருவாக. பேனர்லயாவது ஆரம், ஒட்டியாணம் வேணும்பாக. உக்காருங்க, காட்டுறேன்."

அவரைப் படம் எடுத்து ஓட்டினேன். வக்கீல் கழுத்து நிறைய நகையோடு திரையில் வந்தார். சிரித்தார். நான் எழுத்துப் பெட்டியில் நகை என்று இருந்ததை அழித்துவிட்டுச் சாக்கடைப் பாதுகாப்புக் கவசம் என்று அடித்தேன். இன்னொரு தடவை ஓட்டினேன். அதே நாற்காலி, அதே சேலை, தலையில் மஞ்சள் ஹெல்மெட், முதுகில் சிலிண்டர். அவர் சிரிப்பு நின்றுபோனது.

"ஒரு வார்த்தையைத்தானே மாத்துனே?"

"ஒரு வார்த்தையைத்தான் மேடம். அவய்ங்க ஃபோன்ல எடுக்கிற படம் நேரா மாநகராட்சிக்குப் போகலை. மொதல்ல கம்பெனிக் கம்ப்யூட்டருக்குப் போகுது. அங்க மாட்டிவிட்டு அப்புறமா அனுப்புறாய்ங்க."

"உன் கடையில ஓடுறதைக் காட்டி அவங்களைப் பிடிக்க முடியாது. அவங்க ஃபோன் வேணும்."

ஃபோன் கருப்பண்ணனிடம் இருந்தது. என் தம்பி வேலை பார்த்த கோஷ்டிக்கு அவர்தான் மூத்தவர், குழியிலிருந்து அவனைத் தோளில் போட்டுத் தூக்கியவரும் அவர்தான். விசாரணைக்கு ஃபோனோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். வேலை போய்விடுமே என்றேன். "எது, இந்த வேலையா? போகட்டும்த்தா," என்றார்.

விசாரணை மாநகராட்சிக் கட்டடத்தில் நடந்தது. கீழே கூடத்தில் பெரிய டிவி ஒன்று, 'இன்றைய பாதுகாப்பு' என்ற தலைப்போடு. நகரத்தில் எந்தக் குழியிலிருந்து படம் வந்தாலும் கம்ப்யூட்டரின் தீர்ப்போடு அதில் வரும்; அன்றுவரை வந்ததெல்லாம் பச்சைதான். வரி கட்ட வந்தவர்கள் பார்த்துப் பெருமைப்படட்டும் என்று வைத்தது. மஞ்சள் ஹெல்மெட்காரர்கள் வரிசையாக வந்து போய்க்கொண்டிருந்தார்கள். முகம் தெரியாததால் எல்லோரும் ஒரே ஆளாகத் தெரிந்தார்கள்.

மாடியில் விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கருப்பண்ணனைப் பார்த்தார்.

"இளவழகன் என்ன போட்டுக்கிட்டு இறங்கினாரு?"

"டவுசரு சார். நாங்க எல்லாருமே டவுசரோடதான் எறங்குறோம்."

"படம் வேற சொல்லுதே."

"படத்துல இருக்கிற சாமானை நான் கண்ணால கண்டதே இல்லை சார். கீழ இருக்கிற டிவில பாத்ததுதான்."

ஹரிபாபு சிரித்தார். "குடிச்சிட்டு வேலைக்கு வர்றவங்க சார். எதையாவது சொல்லுவாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. கருப்பண்ணன் மேசையில் வைத்திருந்த ஃபோனை எடுத்து அதிகாரியை நோக்கிப் பிடித்து அமுக்கினேன். யாரம்மா நீ, கீழே வை என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஃபோன் கொஞ்சம் யோசித்தது. பிறகு பச்சை காட்டியது. அதே நேரம் வாசலிலிருந்து வாட்ச்மேன் குரல்.

"சார்! நம்ம கேட்டுக்கிட்ட இருக்கிற சாக்கடை மூடி தானாத் தெறந்துக்கிருச்சு சார்!"

ஃபோனை அதிகாரியின் முன்னால் நீட்டினேன். மேசைக்குப் பின்னால், அதே டையோடு, முழுக் கவசத்தில் உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கித் தன் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"இறங்குங்க சார்," என்றேன். "உங்களுக்கும் அனுமதி வந்துருச்சு."

பர்வீன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"படங்கள் திருத்தப்படுதுன்னு தெரியுது. ஒத்துக்கிறேன். அப்ப, இந்தப் படங்கள் எதையும் ஆதாரமா எடுத்துக்க முடியாது."

"சரிங்க சார்," என்றார் பர்வீன், கொஞ்சம் சந்தேகமாக.

"மேனேஜர், இவங்க வேலைக்கு வந்ததுக்கு வேற என்ன பதிவு வச்சிருக்கீங்க?"

ஹரிபாபு நிமிர்ந்து உட்கார்ந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. "படம்தான் சார் வருகைப் பதிவு. வேற எதுவும் கெடையாது. கார்டு, சீட்டு ஒண்ணும் இல்லை."

"அப்ப இளவழகன் அன்னைக்கு உங்க கம்பெனி வேலையா இறங்கினாருங்கிறதுக்கு ஆதாரம் இல்லை."

"இல்லைங்க சார்."

"கூட இருந்தவர் சாட்சி சொல்றாரே சார்!" என்று பர்வீன் எழுந்தார்.

"அவரும் அந்தக் கம்பெனி ஆளுங்கிறதுக்கு என்னம்மா ஆதாரம்? அவர் படமும் பொய்தானே. அனுமதியில்லாம தாங்களாவே இறங்கியிருக்கலாம். சாப்பாட்டுக்கு அப்புறம் உத்தரவு."

நாற்காலிகள் நகர்ந்தன. படம் உண்மை என்றால் என் தம்பி தானே செத்தான். படம் பொய் என்றால் என் தம்பி என்று ஒருவன் அங்கே இல்லவே இல்லை. எவ்வளவு அழகாகப் படித்திருக்கிறார்கள்! இவர்களைப் பெற்றவர்கள் இதற்காகவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள்?

கீழே கூடத்துப் பெஞ்சில் சுகன்யா உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பர்வீனும் கருப்பண்ணனும் பின்னால் வந்து நின்றார்கள். அப்போதுதான் கவனித்தேன், ஃபோன் இன்னும் என் கையிலேயே இருந்தது.

இந்த நோடு மென்பொருளை மாட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு தப்புச் செய்வார்கள். ஓடினால் போதும் என்று விட்டுவிடுவார்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்ட மாட்டார்கள். என் கடையிலும் அப்படித்தான் கிடந்தது. பக்கத்து மொபைல் கடைக்காரர் ஒருநாள் விளையாட்டாக என் பெட்டிக்குள் புகுந்து, மாப்பிள்ளை ஒருத்தருக்கு ஒட்டியாணம் மாட்டிவிட்டார். கம்பெனி ஃபோனில் படம் போகிற முகவரியைத் தேடி எடுத்து உலாவியில் போட்டேன். கேள்வி எதுவும் கேட்காமல் திறந்தது. அதே பெட்டிகள், அதே வயர்கள். நடுப்பெட்டியில் 'மஞ்சள் ஹெல்மெட், ஆக்சிஜன் சிலிண்டர், பூட்ஸ், கம்பீரமான தோற்றம்' என்று எழுதி வைத்திருந்தான் எவனோ. கம்பீரமாம்.

இன்னொரு தப்பும் உண்டு. முதல் பெட்டிக்குள் வந்த படங்களை யாரும் காலி செய்ய மாட்டார்கள். உள்ளே வந்ததெல்லாம் அப்படியே குவிந்து கிடக்கும். அந்தப் பெட்டியைத் தொட்டேன்.

வந்தார்கள். டவுசரோடு, துண்டோடு, சிலர் கோவணத்தோடு. எண்ணெய் மினுங்கும் உடம்புகள். வெயிலுக்குச் சுருங்கிய கண்கள். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், தேதி, தெரு. தள்ளிக்கொண்டே போனேன். அங்கே அவன் நின்றான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, படமெடுக்கிறவரிடம் எதையோ சொல்லிச் சிரிக்கிற முகம். இது அவன் தாடை. கீழே அவன் பெயர், அந்த நாள், மாரியம்மன் கோயில் தெரு.

சுகன்யா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள். விரலால் அவன் முகத்தைத் தொட்டாள். பிறகு திருப்பித் தந்தாள்.

"மேல ஒண்ணு புதுசா வருது மதினி," என்றாள்.

வரிசையின் தலையில் ஒரு புதுப்படம். நரைத்த மீசைக்காரர் ஒருவர், இடுப்பில் துண்டு. நிமிர்ந்து டிவியைப் பார்த்தேன். அதே ஆள் ஹெல்மெட்டோடு வந்தார். கவசம் சரி. மூடி திறக்க அனுமதி. மாரியம்மன் கோயில் தெரு.

"அண்ணே! இது யாரு?"

கருப்பண்ணன் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "இளவழகனுக்குப் பதிலாப் போட்ட ஆளுத்தா. சோணை. அதே குழி." தன் சொந்த ஃபோனை எடுத்துக் கத்தினார். "ஏலே சோணை! எறங்காதடா! எறங்காத! நான் சொல்றேன், தள்ளி நில்லு!"

அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கே கேட்டது. "இன்னும் பீடியே முடிக்கலைண்ணே. என்ன விசயம்?"

நான் பெட்டிகளைப் பார்த்தேன். ஆளைக் கண்டுபிடிக்கிற பெட்டிக்குப் போகிற வயரைப் பிடுங்கினேன். வரைகிற பெட்டியிலிருந்து வெளியே போகிற வயரையும் பிடுங்கினேன். முதல் பெட்டியையும் கடைசிப் பெட்டியையும் ஒரே வயரால் நேராக இணைத்துச் சேமித்தேன். வந்தது வந்தபடியே போகட்டும்.

அடுத்த படம் டிவியில் வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெரிய கடைத் தெரு. கோவணத்தோடு ஒருவர். பச்சைக்குப் பதில் சிவப்பு. வரி கட்ட நின்ற பெண்மணி ஒருத்தி "ஐயையோ" என்றாள். அடுத்து இன்னொருவர். சிவப்பு. அடுத்து இருவர் சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு. சிவப்பு. வரிசை கலைந்து எல்லோரும் டிவிக்கு முன்னால் வந்து நின்றார்கள். பர்வீன் தன் ஃபோனை உயர்த்திப் பிடித்து எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தார்.

ஹரிபாபு சோற்றுக் கையோடு படியிறங்கி ஓடி வந்தார். "ஏய், என்ன பண்றே நீ? ஊர்ல எல்லா அடைப்பும் அப்படியே நிக்கும்! சாயங்காலத்துக்குள்ள தெருவெல்லாம் நாறும்!"

"நாறட்டும்," என்றேன். "எங்களுக்கு மட்டும் நாறுச்சு இவ்வளவு நாளா."

அவர் பின்னால் அதிகாரி, அவருக்கும் பின்னால் போலீஸ்காரர் ஒருவர். "கம்பெனி கம்ப்யூட்டருக்குள்ள போக உனக்கு யாரும்மா அனுமதி குடுத்தா? இதுக்கு ஜெயிலு தெரியுமா?" என்றார் அதிகாரி.

எனக்குத் தெரியும். இன்றுவரை அந்த வழக்குக்குத்தான் நடந்துகொண்டிருக்கிறேன். போலீஸ்காரர் என்னை நோக்கி வருவதற்குள் ஒரு வேலை பாக்கியிருந்தது. வரிசையில் கீழே போய் என் தம்பியின் படத்தைத் தொட்டேன். ஓட்டு என்ற பொத்தானை அமுக்கினேன்.

டிவியில் அவன் வந்தான். இவ்வளவு பெரிதாக நான் அவனைப் பார்த்ததில்லை. எண்ணெய் தடவிய உடம்பு, டவுசர், தூக்கிய கட்டைவிரல், சிரிப்பு. கூடத்தில் எல்லோரும் பார்க்க, லஞ்சம் வாங்காத அந்தக் காவல்காரன் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

'ஹெல்மெட் இல்லை. முகக்கவசம் இல்லை. ஆக்சிஜன் இல்லை. மூடி திறக்க அனுமதி இல்லை.'

போலீஸ்காரர் என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கினார். நான் கொடுத்துவிட்டேன். சுகன்யா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். அந்தச் சிவப்பு எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசி வரியை மறுபடியும் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப மூடி தெறக்காதுல்ல, மதினி?"

"தெறக்காது," என்றேன்.

"அவரு வீட்டுக்கு வந்துருவாருல்ல?" என்று கேட்டுவிட்டு, அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.